பண்டிகையை நிறைப்பது தோட்டமும் திண்ணையுமே!

(மதுரைப் பக்கம் நாகமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் சிறிய குடியிருப்பில், காணும் பொங்கல் மாலை நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘பண்டிகையை நிறைப்பது பலகாரச் சட்டியா? தோட்டமும் திண்ணையுமா?’ இரண்டாவது அணியில் நான் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எண்ணெய் மணக்க மணக்கப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, மதினி அவர்களே, நாற்காலியிலும் தரையிலும் பிள்ளையார் கோயில் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கும் நம்ம தெருச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசும்போது எனக்கே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அப்பத்தா சுட்ட அதிரசம், அம்மா பிழிந்த முறுக்கு, அத்தை உருட்டிய சீடை என்று வரிசையாக அடுக்கினார். நீங்களும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஒன்றை மட்டும் கவனித்தேன் ஐயா. அப்பத்தா சுட்டார். அம்மா பிழிந்தார். அத்தை உருட்டினார். அண்ணன் என்ன செய்தார்? பேச்சு முழுக்கத் தேடினேன். தின்றார். அது மட்டும் விளக்கமாக வந்தது.

இந்தப் பட்டிமன்றம் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது. மைக்செட் தம்பி அஞ்சரைக்கே தயார். ஆண்கள் பக்கம் நாற்காலி நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கம் ஏழு மணி வரைக்கும் ஈ, காக்கை இல்லை. ஏன்? காணும் பொங்கலுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள். வடை போட்டு, காபி கொடுத்து, பாத்திரம் விளக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் வந்தார்கள். நாலு இடம் போய் நாலு பேரைக் காண வேண்டிய நாளில் நம்ம பெண்கள் கண்டது அடுப்பைத்தான். இதையே தீர்ப்பாக எழுதிவிட்டு நடுவர் எழுந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கொடுத்த நேரம் மிச்சம் இருக்கிறது, அதனால் பேசுகிறேன்.

எங்கள் அணிக்குப் பலகாரம் பிடிக்காது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். பலகாரம் யாருக்குக் கசக்கும்? பண்டிகை முழுவதையும் ஒரு சட்டிக்குள் போட்டு, அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தியை நிறுத்தி வைப்பதுதான் பிடிக்கவில்லை.

அண்ணன் அவ்வளவு புகழ்ந்த அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். முழுசாகக் காய்ந்துவிடக் கூடாது. அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பதத்திலேயே மில்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் மாவு மில்லில் வரிசை எவ்வளவு நீளம் என்று, தூக்குச் சட்டியோடு நிற்கிறவளுக்குத்தான் தெரியும். அப்புறம் வெல்லப் பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலில் உருட்ட வர வேண்டும். பதம் கொஞ்சம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். கொஞ்சம் பிந்தினால் பல்லுக்கு வேலை. மாவைக் கிளறி மூடி வைத்து, ஒரு நாளாவது ஊற விட்டு, வாழையிலையில் தட்டி, சின்னத் தீயில் ஒவ்வொன்றாகப் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிய வேண்டும். ஆக மொத்தம் இரண்டு மூன்று நாள் வேலை. தின்பதற்கு எவ்வளவு நேரம்? டிவியில் ஒரு விளம்பரம் முடிவதற்குள் மூன்று போய்விடும். போனதோடு விட்டாலும் பரவாயில்லை. ‘இந்த வருஷம் ஏலக்காய் கம்மியோ?’ என்று ஒரு கேள்வி வேறு.

இது முந்தின வார வேலை. தீபாவளி அன்று விடியற்காலை எல்லாருக்கும் எண்ணெய் வைத்துவிட்டு, இட்லிக் கொப்பரையை ஏற்ற வேண்டும். நம்ம ஊர் வழக்கப்படி இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. வாசலில் பிள்ளைகள் சரவெடி வைப்பார்கள். அவளுக்குக் குக்கர்தான் வெடி.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. மத்திய அரசு 2019-இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஆகா, ஒன்றரை மணி நேரம் செய்கிறோமே என்று அண்ணன்மார் நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். பொறுங்கள். அந்த 97 நிமிடம், வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் கணக்கு. அப்படிக் கை வைக்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மிச்சம் 74 பேர் எங்கே இருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், இங்கே எதிர் வரிசையில் பாருங்கள். இதெல்லாம் சாதாரண நாள் கணக்கையும் சேர்த்த சராசரி. பண்டிகை நாளை மட்டும் தனியாக எடுத்தால் எண்ணுவதற்கு நிமிடம் போதாது.

கைப்பக்குவம் நம்ம மரபு, கடையில் வாங்குவது இந்தக் காலத்துச் சோம்பல் என்று மதினி சொன்னார். மரபைப் பற்றி மதுரையில் நின்று பேசுகிறோம், அதனால் பழசையே பார்ப்போம். சங்க காலத்து மதுரையில் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் அடையும் மோதகமும் விற்ற கூவியர் வருகிறார்கள். பலகாரம் செய்து விற்கிறவர்கள் அவர்கள். எப்படி வருகிறார்கள் தெரியுமா? இராத்திரி நேரத்தில், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுந்துகொண்டு வருகிறார்கள். கடையில் பலகாரம் வாங்குவதற்கு நம்ம ஊரில் சுமார் இரண்டாயிரம் வருஷத்துச் சாட்சி இருக்கிறது மதினி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்தத் தூக்கம். அன்றைக்குப் பலகாரக்காரருக்கே நடுச்சாமத்தில் கண்ணயர முடிந்திருக்கிறது. இன்றைக்கு நம்ம வீட்டில் அந்த நேரத்தில் முறுக்கு உழக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

வாங்குகிற முறுக்கையும் ஒருத்திதானே பிழிகிறாள் என்று கேட்பீர்கள். ஆமாம், ஒருத்திதான் பிழிகிறாள். மெயின் ரோட்டு முக்கில் அடுப்பு வைத்திருக்கும் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது தொழில், கிலோவுக்கு இவ்வளவு என்று விலை. அவரிடம் ஏலக்காய் கம்மி என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா?

சரி, மதுரையின் மிகப் பெரிய திருவிழா எது? சித்திரைத் திருவிழா. சின்னப் பிள்ளையும் சொல்லும். மீனாட்சி பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர், தல்லாகுளத்தில் எதிர்சேவை, விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குவது. ஊரே திரண்டு நிற்கும். இப்போது சொல்லுங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு எந்த வீட்டில் முறுக்கு பிழிகிறார்கள்? எந்த வீட்டில் அதிரசத்துக்கு அரிசி ஊறுகிறது? ஒரு வீட்டிலும் கிடையாது. வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். நாட்டுச் சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி அழகரை வரவேற்கிறோம், அந்தச் சர்க்கரையைத்தான் அள்ளிப் பக்கத்தில் நிற்கிறவர் கையில் கொடுக்கிறோம். அதற்குச் சட்டியும் வேண்டாம், சல்லடைக் கரண்டியும் வேண்டாம். புளியோதரையைக் கிளறித் தூக்கில் அடைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தால் முடிந்தது. ‘அந்தப் புளியோதரையைக் கிளறியது யார்?’ என்று எதிரணி அண்ணன் சைகை காட்டுகிறார். ஒத்துக்கொள்கிறேன், அதுவும் ஒரு பெண்தான். ஆனால் காலையில் ஒரு தடவை கிளறியதோடு சரி. அப்புறம் இராத்திரி வரைக்கும் அவளும் கூட்டத்தில் ஒருத்தி. அழகர் உடுத்தி வருவது பச்சைப்பட்டா சிவப்புப்பட்டா என்று எட்டி எட்டிப் பார்க்கிறவர்களில் அவளும் இருக்கிறாள். மதுரைக்காரர்களுக்குச் சித்திரை மேல் அவ்வளவு ஆசை ஏன் என்பதற்குச் சாமி ஒரு காரணம். நம்ம வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னொரு காரணமும் சொல்வார்கள்.

அந்தச் சித்திரைக்குத்தான் நம்ம மல்லிகையும் பூக்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் தெரியும். தை மாதப் பனியில் பூ வரத்து குறைந்து, பொங்கலுக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ விலை ஆயிரங்களுக்கு ஏறிவிடுகிறது, அதுவும் தெரியும். பங்குனி பிறந்தால் கதையே வேறு. வீட்டு வாசலில் தொட்டியில் ஒரு செடி வைத்து, கார்த்திகை மார்கழியில் கிளையை வெட்டிக் கவாத்து செய்திருந்தால் போதும். சாயங்காலம் மொட்டைப் பறித்து, திண்ணையில் உட்கார்ந்து கட்டும்போது நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். நாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒருத்தி கட்ட, ஒருத்தி எடுத்துக் கொடுக்க, ஒருத்தி ஊர்க்கதை சொல்ல, மணம் தெருவுக்கே போகும். பலகார மணம் தெருவெல்லாம் வீசும் என்று பெருமைப்பட்டீர்களே, இந்த மணத்துக்கு எண்ணெய்ச் செலவு கிடையாது.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன். இது எங்கள் அணியின் பண்டிகை. தைப்பொங்கலை நாம் எங்கே வைக்கிறோம்? அடுப்படியிலா? வாசலில். கல்லைக் கூட்டி, சூரியனைப் பார்த்து, எல்லாரும் சுற்றி நிற்க வைக்கிறோம். வருஷம் முழுக்க அடுப்படிப் பக்கம் தலை காட்டாத மனிதரும் அன்றைக்கு விறகைத் தள்ளிவிடுகிறார், கண் எரிகிறது என்று துண்டால் துடைத்துக்கொள்கிறார். பால் பொங்குவதைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து சத்தம் போடுகிறோம். ஒருத்தி தனியாக நின்று வேகிற வேலையே அதில் இல்லை.

பானையைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்று பாருங்கள். மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, மேலூர்ப் பக்கத்துக் கரும்பு, பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, சேனை. முதல் நாளே வாசலில் காப்புக் கட்டுகிறோம், சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை. எண்ணெயில் பொரித்தது இதில் ஒன்று காட்டுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன். தோட்டத்திலும் வேலியோரத்திலும் விளைந்ததைத்தான் சாமிக்கு வைக்கிறோம், அதையே குழம்பாக்கிச் சாப்பிடுகிறோம். பொங்கல் குழம்பில் பல காய் கிடக்கும். அதை ஆக்குவதற்கு அஞ்சு நாள் முன்னாலிருந்து யாரும் நிற்க வேண்டியதில்லை. செடிதான் அஞ்சு மாதமாக வேலை பார்த்திருக்கிறது.

ஆமாம், அஞ்சு மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். ஆடியில் போட்ட நாட்டு அவரை, கொடி கொடியாக ஓடுமே தவிரச் சீக்கிரம் காய்க்காது. நம்ம தெருவில் சில பேர் புரட்டாசியிலேயே ‘விதைக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்று பிடுங்கப் போனார்கள். பகல் பொழுது நன்றாகக் குறைந்தால்தான் அது பூவெடுக்கும். மொச்சைக்கும் அதே குணம். அதனால்தான் மார்கழி, தையில் வந்து நிற்கிறது. சூரியனின் கணக்கைப் பார்த்துப் பூக்கிற செடியைச் சூரியனுக்கே படைக்கிறோம். இதைக் கண்டுபிடித்து வைத்த பாட்டன் பாட்டி எந்தச் சட்டிக்கு முன்னாலும் நின்று கண்டுபிடிக்கவில்லை, பாத்திக்கு முன்னால் நின்று கண்டுபிடித்தார்கள்.

பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறதே, போன பொங்கலுக்கு அது என்ன நிலைமையில் கிடந்தது? சீமைக் கருவேலமும் குப்பையும். ஒரு மாலை நேரம் கூட அந்தப் பக்கம் பிள்ளைகளை விட மாட்டோம். ஆடிக்கு முன்னால் வெட்டிச் சுத்தம் செய்து பாத்தி பிரித்தோம். தோட்டக்கலைத் துறையில் மாடித் தோட்டத் தளை, அதாவது செடிப் பை, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு, மானிய விலையில் கிடைத்தது என்று சிலர் அதை வாங்கி மாடியில் வைத்தார்கள், மிச்சம் பேர் இங்கே மண்ணிலேயே இறங்கிவிட்டோம். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். அவரைப் பந்தலுக்குக் கீழே தாயக்கட்டம் வரைந்திருக்கிறது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனும் எழுபது வயது அப்பத்தாவும் எதிரெதிர் அணி. அப்பத்தா கள்ளாட்டம் ஆடுகிறார் என்று பஞ்சாயத்து நம்ம நடுவர் வரைக்கும் வந்தது, அந்தத் தீர்ப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அந்த அவரையில் ஐப்பசி மழை விட்டதும் அசுவினிப் பூச்சி ஏறியது. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக, ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டிக்கிடக்கும். ஒருவர் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார், ஒருவர் வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடித்தார். பிள்ளைகள்தான் முதலில் பொறிவண்டைப் பார்த்தார்கள். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி. அது அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதை மணிக்கணக்கில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்போன் கையில் இருந்தது, அதையே மறந்துபோய் நின்றார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர்களைச் சாப்பிடக் கூப்பிட நாலு தடவை ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதால்தான் அக்கம்பக்கத்தில் உறவு வளர்கிறது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நல்ல வழக்கம்தான். ஆனால் தீபாவளி முடிந்த வாரம் நம்ம வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆறு வீட்டு முறுக்கு ஒன்றாகக் கிடக்கும், எது யாருடையது என்று கொடுத்தவருக்கே தெரியாது. ஒரு வீட்டுக்குக் கொடுத்த தட்டை அந்த வீட்டார் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து, அது சுற்றி நமக்கே வந்த சங்கதியும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தட்டு அது. முருங்கைக்காய்க்கு நாள் நட்சத்திரம் கிடையாது. கிளை பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் சாய்ந்தால் பாதிக் காய் அவர்களுக்கு. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறினால் சண்டையும் அவர்களோடுதான், நான் மறைக்கவில்லை. ‘மரத்தை வெட்டு’ என்று கத்திய அதே மதினி, மறு வாரம் மதில் மேல் தலையை நீட்டி ‘கொஞ்சம் கீரை ஒடிச்சுக் குடுங்க’ என்பார். அப்படிச் சண்டை போட்டுத் திரும்பப் பேசுகிற உறவு, சில்வர் தட்டில் வருகிற மரியாதையை விட எனக்குக் கிட்ட இருக்கிறது.

தோட்டமும் வேலைதானே, அதையும் பெண்கள் தலையில்தானே கட்டுவீர்கள் என்று ஒரு கேள்வி கீழேயிருந்து வந்தது. நியாயமான கேள்வி. பதிலுக்கு நான் கதை சொல்லவில்லை, இந்த மேடையிலேயே ஆள் காட்டுகிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு பாகல் பந்தல் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் காய் வந்தபோது, தலைப்பிள்ளை பிறந்த மாதிரி தெரு வாட்ஸ்அப் குழுவில் நாலு பக்கமிருந்தும் படம் போட்டார். அது எத்தனை விரற்கடை நீளம் என்று அளந்தும் போட்டார். அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள். அடுப்படிக்குப் போகச் சொன்னால் இடுப்பு வலி, முழங்கால் வலி. மாடிக்கு இரண்டு குடம் தண்ணீர் தூக்கும்போது எந்த வலியும் இல்லை. அந்தப் பாகற்காயை அரிந்து வதக்கவும் அவரே கற்றுக்கொண்டுவிட்டார் என்று அண்ணி என்னிடம் சொன்னார். ஆக, ஆம்பளையை அடுப்படிக்குக் கூட்டிவர எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி தோட்டம்தான், அதையும் எங்கள் அணிக் கணக்கில் நடுவர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். மேடைக்குக் கீழே மேசையில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். பச்சை அட்டை நோட்டு, வருகிற ஆடிப்பட்டத்துக்குக் காலி மனையில் பாத்தி வேண்டும் என்கிறவர்கள் பேர் எழுத. அதில் இப்போதே ஒரு பக்கம் நிறைந்துவிட்டது, பாதிப் பேர் ஆண்கள். சிவப்பு அட்டை நோட்டு, வருகிற தீபாவளிக்கு அதிரசத்துக்கு அரிசி இடிக்கவும், பாகு காய்ச்சவும், சட்டிக்கு முன்னால் நிற்கவும் தயாராக இருக்கிற ஆண்கள் பேர் எழுத. சாயங்காலத்திலிருந்து திறந்தே கிடக்கிறது, ஒரு பேரும் விழவில்லை. எதிரணித் தலைவர் அண்ணன் இறங்கும்போது முதல் கையெழுத்தை அவரே போட்டுத் தொடங்கி வைக்கட்டும். பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. வணக்கம்.